காதல் விஷுவல் நாவலில் இன்டர்ஃபேஸ் எவ்வளவு முக்கியம்?

கேள்வி இது. ஈரோட்டில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து தமிழில் ஒரு காதல் விஷுவல் நாவல் செய்கிறார்கள். படமும் இசையும் சேர்ந்த கதையைத் திரையில் வரி வரியாக வாசித்து, நடுநடுவே கதாபாத்திரம் என்ன சொல்ல வேண்டும் என்று வாசகரே தேர்ந்தெடுக்கிற கேம் இது. கதை பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் நடக்கிறது. எழுத்து முடிந்துவிட்டது. படங்கள் முக்கால்வாசி வந்துவிட்டன. எல்லாவற்றையும் ரென்பையில் (இந்த வகைக் கேம் செய்வதற்கான மென்பொருள்) கோத்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் மிச்சம் இருக்கிற பணத்தை, இன்டர்ஃபேஸ் வரைந்து தர ஒரு டிசைனருக்குக் கொடுப்பதா, இன்னும் இரண்டு பின்னணிப் படமும் கொஞ்சம் இசையும் வாங்குவதா என்று கேட்கிறார்கள். "ரென்பையோடு வருகிற மெனுவே போதாதா? வாசிக்கிறவங்க கதையைத்தானே பார்ப்பாங்க?"

பணத்தைப் பின்னணிக்கும் இசைக்கும் கொடுங்கள். உங்கள் நேரத்தை இன்டர்ஃபேஸுக்குக் கொடுங்கள். பட்டனுக்குப் பூ வேலைப்பாடு செய்வதைத்தான் பலர் இன்டர்ஃபேஸ் என்று நினைக்கிறார்கள். அதற்குக் காசு வேண்டும், அது கட்டாயம் இல்லை. வசனம் எந்த அளவில், எந்த வேகத்தில், முகத்தை மறைக்காமல் வருகிறது, தேர்வு எங்கே வந்து நிற்கிறது, தவறிப்போன வரியைத் திரும்பப் பார்க்க முடிகிறதா என்பவைதான் உண்மையான வேலை. அதற்குக் காசே வேண்டாம். ஆனால் அதைச் செய்யாமல் விட்டால் உங்கள் எழுத்து வாசகரிடம் போய்ச் சேராது.

மற்ற வகைகளைவிடக் காதல் கதையில் இது ஏன் கூடுதலாக முக்கியம் என்று சொல்கிறேன். துப்பறியும் கதையில் வாசகர் தகவலைத் தேடி வருகிறார். கொலை செய்தது யார் என்று தெரியும்வரை சின்னத் தொந்தரவுகளைப் பொறுத்துக்கொள்வார். காதல் கதையில் அவர் வருவது ஒரு தயக்கத்துக்காக, ஒருவர் கேட்டதற்கும் மற்றவர் பதில் சொல்வதற்கும் நடுவில் இருக்கிற அரை நொடிக்காக. நாவலில் அந்த அரை நொடியை எழுத்தாளர் வாக்கியத்தால் உண்டாக்குகிறார், சினிமாவில் எடிட்டர் உண்டாக்குகிறார். விஷுவல் நாவலில் அது டெக்ஸ்ட் பாக்ஸின், அதாவது வசனம் வருகிற பெட்டியின் கையில் இருக்கிறது. பின்னணி மாறும், பாட்டு மாறும், ஆளும் வந்து போவார். முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை திரையை விட்டுப் போகாமல் இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

முதலில் எழுத்து அளவு. ரென்பையில் 1920-க்கு 1080 என்று புராஜெக்ட் தொடங்கினால் வசன எழுத்து 33 பிக்சலில் வரும். கம்ப்யூட்டரில் அது வசதியான அளவு. அதே விகிதத்தை 6.5 அங்குல போனில், படுக்கை வாட்டில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையின் உயரம் ஏறக்குறைய 6.8 சென்டிமீட்டர். 33 பிக்சல் என்பது 2 மில்லிமீட்டர் சொச்சம். அச்சுக் கணக்கில் 6 பாயின்ட்டுக்கும் கீழே. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில்தான் அவ்வளவு சின்ன எழுத்தைப் பார்க்கலாம். ரென்பையைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால் இன்டர்ஃபேஸின் அளவுகள் எல்லாம் இருக்கிற ஜி.யு.ஐ. கோப்பின் அடியில் போனுக்கென்று தனிப் பகுதி வைத்து, எழுத்தை 45 பிக்சல் அளவுக்கு ஏற்றியிருக்கிறார்கள். போனில் அது சுமார் 8 பாயின்ட்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், கோப்பின் மேல் பகுதியில் நீங்கள் பெட்டியின் உயரம், அகலம், எழுத்தின் இடம் எல்லாவற்றையும் பொறுமையாக மாற்றி, கம்ப்யூட்டரில் அழகாக வந்துவிட்டது என்று திருப்தி அடைவீர்கள். போனில் திறந்தால் அடிப்பகுதியில் இருக்கிற பழைய எண்கள் மேலே போட்டதை மீறிவிடும். எழுத்து பெட்டிக்கு வெளியே நிற்கும். ஆகவே இரண்டு இடத்திலும் மாற்றுங்கள். தமிழ்நாட்டில் உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் போனில்தான் வாசிப்பார்கள். எனவே போன் பகுதியை முதலில் சரிசெய்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போவது நல்லது.

அடுத்து தமிழ் எழுத்து. ரென்பையின் பழைய பதிப்புகளில் தமிழ் உடைந்துதான் வரும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நிற்கும். கொங்கு என்று எழுதினால் அந்தச் சொல்லே சிதறும். 8-ஆம் வரிசைப் பதிப்புகளில் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற முறை வந்தபிறகு இது சரியாகிவிட்டது. பழைய பதிப்பில் தொடங்கியிருந்தால் இப்போதே மாறிவிடுங்கள். ஃபான்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரன் என்று இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. என் தேர்வு முக்தா மலர். அதன் கோடுகள் சின்ன அளவிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. கையெழுத்து மாதிரி வளைந்து நெளிகிற ஃபான்டு 'காதல் கதைக்குப் பொருத்தம்' என்று தோன்றும். அதைத் தலைப்புப் படத்தில் போடுங்கள். ஆயிரக்கணக்கான வரிகளை அதில் வாசிக்க வைக்காதீர்கள்.

வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும். ஆங்கிலத்துக்காக வைத்த இடைவெளியில் மேல்வரியின் 'ணூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டினால் பெட்டியில் மூன்று வரிதான் கொள்ளும், சில இடங்களில் இரண்டு. தமிழில் சொற்கள் நீளம் வேறு. அதனால் ஆங்கில விஷுவல் நாவலில் ஒரு பெட்டியில் முடிகிற வசனத்தை நீங்கள் இரண்டாக உடைக்க வேண்டி வரும். எங்கே உடைப்பது என்பது எழுத்தாளரின் வேலை, புரோகிராம் எழுதுகிறவரின் வேலை இல்லை. "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்பதோடு ஒரு பெட்டி முடிந்து, வாசகர் விரலால் தொட்ட பிறகு அடுத்தது வந்தால் ஒரு அர்த்தம். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தால் வேறு அர்த்தம். வரிக்குள்ளேயே நிறுத்தி வைக்க ரென்பையில் டேக் (வசனத்துக்குள் எழுதும் சின்னக் குறி) இருக்கிறது. நொடிக் கணக்கும் கொடுக்கலாம். பத்து காட்சிக்கு ஒருமுறை பயன்படுத்தினால் நெஞ்சைத் தொடும், எல்லா வரியிலும் போட்டால் எரிச்சலைத்தான் கிளப்பும்.

எழுத்து ஒவ்வொன்றாக வருகிற டைப்ரைட்டர் விளைவு வைப்பதானால், 'ண்' வரும்போது முதலில் 'ண' வந்து பிறகு புள்ளி ஏறுகிறதா என்று போனில் கண்ணால் பாருங்கள். அப்படி வந்தால் வாசிப்பு தடுக்கும். வேகத்தை வாசகரே மாற்றும் வசதி ரென்பையில் இருப்பதை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள்.

இனி தேர்வு மெனு. என் கணக்கில் காதல் விஷுவல் நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் கதையில் வரக்கூடிய மாதிரி ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு. வால்பாறை பஸ் கிளம்பப் போகிறது. அவன் சொல்கிறான்: "நாளைக்கு ஊருக்குக் கெளம்பறனுங்க. இனி எப்ப வருவன்னு தெரியல." இப்போது கதாநாயகி என்ன சொல்வாள் என்று வாசகர் முடிவு செய்ய வேண்டும்.

ரென்பையோடு வருகிற மெனு என்ன செய்யும்? திரையின் நடுவில், 1185 பிக்சல் அகலத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டன்களை அடுக்கும். அவன் நிற்பதும் நடுவில்தான். பட்டன்கள் அவனுடைய மார்பையும், மூன்று நான்கு ஆகிவிட்டால் முகத்தையும் மறைத்துவிடும். அவன் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் அவனையே காணோம். இன்னொன்று: அவன் சொன்ன வரி முந்தைய பெட்டியோடு போய்விட்டது. வாசகர் கண்முன் இருப்பது மூன்று பட்டன்கள் மட்டும்.

என் சித்தி கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறார். மாத நாவல்களை வருடக்கணக்காக வாசிக்கிறவர். இந்த வகைக் கேம் எதையும் அதற்குமுன் தொட்டதில்லை. ஒரு சின்ன மாதிரியை அவர் கையில் கொடுத்து உட்கார்ந்து பார்த்தேன். கதையோடு நன்றாகவே ஒன்றிப் போய்க்கொண்டிருந்தார். தேர்வு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, இப்ப அந்தப் பையன் என்ன கேட்டான்?" என்றார். போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். வரி திரும்ப வரவில்லை. கதைக்குள் இருந்தவர் அந்த நொடியில் வெளியே வந்துவிட்டார்.

இதைச் சரிசெய்வது எளிது. கேள்வி வரியை மெனு பிளாக்குக்கு (ரென்பையில் தேர்வுகளை எழுதும் பகுதி) உள்ளேயே எழுதினால் வசனமும் தேர்வுகளும் சேர்ந்தே திரையில் நிற்கும். பட்டன்களை நடுவிலிருந்து நகர்த்தி, டெக்ஸ்ட் பாக்ஸுக்குச் சற்று மேலே ஒரு ஓரமாக வையுங்கள். முகம் தெரியும். ஒவ்வொரு பட்டனும் போனில் குறைந்தது 9 மில்லிமீட்டர் உயரம் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் சொல்கிற 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) அளவு ஏறக்குறைய இதுதான். அப்புறம், வேகமாகத் தொட்டுத் தொட்டு வாசிக்கிறவரின் விரல் தெரியாமல் தேர்விலும் பட்டுவிடும். மெனு தோன்றி ஒரு அரை நொடிக்குப் பட்டன்கள் வேலை செய்யாமல் இருந்தால் இந்த விபத்து நடக்காது. சுடுசொல்லை வாசகர் தெரிந்தே தேர்ந்தெடுத்தால் அது கதை. விரல் தவறித் தேர்ந்தெடுத்தால் உங்கள் மேல்தான் கோபம் வரும்.

பட்டனில் என்ன எழுதுவது? பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு மூன்று வழி: "எப்பத் திரும்பி வருவீங்க?", "செரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க", அப்புறம் ஒன்றும் சொல்லாமல் நிற்பது. நம் ஊர்ப் பேச்சில் 'பாத்துப் போயிட்டு வாங்க' என்பதற்குள் எவ்வளவோ அடங்கும். அதனால் சொல்லப்போகும் வார்த்தையை அப்படியே பட்டனில் போடுங்கள். 'அன்பாகப் பேசு', 'விலகிப் பேசு' என்று சுருக்கிப் போட்டால் உங்கள் எழுத்தின் ருசி அங்கே போய்விடும். மூன்றாவது வழிக்குப் பட்டனே வேண்டாம் என்பது என் யோசனை. சில நொடி தொடாமல் இருந்தால் அதுவே மௌனம் என்று எடுத்துக்கொள்ளும்படி நேரம் வைக்கலாம். ஆனால் கதை முழுவதற்கும் ஒரே ஒரு இடத்தில் மட்டும். நேரம் வைத்த தேர்வு மெதுவாக வாசிப்பவர்களை விரட்டும். ஆகவே அதை நிறுத்தி வைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்க வேண்டும்.

காசு கொடுத்துக் கேமுக்குள் வைரம் வாங்கினால்தான் அன்பான பதில் திறக்கும் என்கிற முறை வேண்டாம். 2016-இல் வந்த சாய்சஸ் மாதிரிக் கதைச் செயலிகள் அதை வைத்து வியாபாரம் செய்தன. அதில் இன்டர்ஃபேஸ் கதைசொல்லியாக இல்லாமல் கடைக்காரராக நிற்கிறது. உங்கள் கதைக்கு அது விஷம்.

அன்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டுவதா என்று அநேகமாக அடுத்து யோசிப்பீர்கள். இதயக் குறியும் எண்ணும் போட்ட அளவுகோல் வேண்டாம். எண் கண்ணில் பட்ட உடனே வாசகர் மனிதரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மதிப்பெண்ணைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஆனால் தான் சொன்னது எதிரில் இருப்பவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதுவும் இந்த வகைக்குப் புதிதாக வருகிறவருக்கு. 1994-இல் ஜப்பானின் கொனாமி வெளியிட்ட டோக்கிமெக்கி மெமோரியல் என்ற காதல் கேம் இதற்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்தது. கதாநாயகனின் நண்பன் ஒருவனுக்குப் போன் போட்டால் எந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று அவன் சொல்வான். தகவல் பலகை ஒரு கதாபாத்திரமாகிவிட்டது.

உங்கள் கதையில் அந்த இடத்தில் ஒரு அம்மாயியை (அம்மாவின் அம்மா) உட்கார வையுங்கள். ஒவ்வொரு நாள் முடிவிலும் திண்ணையில் ஒரு சின்னப் பேச்சு. "அந்தத் தோட்டத்துத் தம்பி இன்னைக்கும் ரெண்டு எளநி கொண்டாந்து வெச்சுட்டுப் போச்சு கண்ணு" என்றால் நிலவரம் நல்லபடி. "தம்பிய இந்தப் பக்கமே காணமே" என்றால் இறங்குமுகம். தனிப் படம் வேண்டாம், தனி மெனு வேண்டாம், நாலைந்து வரி எழுதினால் போதும். பொள்ளாச்சிக் கதைக்கு எந்த இதயக் குறியும் இவ்வளவு பொருந்தாது.

ஹிஸ்டரி, ஸ்கிப், சேவ் மூன்றும் ரென்பையில் தயாராகவே வருகின்றன. அவற்றை எடுத்துவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. திருப்பூர், கோவை பஸ்ஸில் வாசித்துக்கொண்டிருப்பவருக்கு நடுவில் போன் வரும், திரும்பி வந்தால் முந்தைய பத்து வரி வேண்டும். ஒரு ரூட்டை (ஒரு ஆளோடு போகிற கதைக் கிளையை) முடித்துவிட்டு அடுத்த ஆளின் ரூட்டுக்குப் போகிறவர் பொதுவான பகுதியை மறுபடி வாசிக்க மாட்டார், ஏற்கனவே வாசித்ததை மட்டும் ஸ்கிப் தாண்ட வேண்டும். சேவ் இடத்தில் படத்தோடு அத்தியாயத்தின் பெயரும் வரும்படி வையுங்கள். ஒரே திண்ணைப் படம் ஆறு கட்டத்தில் இருந்தால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? பின்னோக்கிப் போகும் ரோல்பேக்கைச் சிலர் 'வாழ்க்கையில் திரும்பப் போக முடியாது' என்ற எண்ணத்தில் அடைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பயமில்லாமல் ஒரு கடுமையான பதிலையும் சொல்லிப் பார்க்கிற வாசகர்தான் உங்கள் கதையை முழுதாக வாசிப்பார்.

இன்டர்ஃபேஸே கதையாகிவிட்ட படைப்புகளும் உண்டு. தென்கொரியாவின் செரிட்ஸ் 2016-இல் வெளியிட்ட மிஸ்டிக் மெசஞ்சரில் திரை முழுக்க ஒரு போன்தான். 11 நாள் ஓடும் கதையில் சாட் ரூம்கள் நிஜ நேரத்துக்குத் திறக்கும், நீங்கள் தூங்கிவிட்டால் பேச்சு உங்களை விட்டுவிட்டு நடந்து முடிந்துவிடும். காத்திருப்பதுதான் காதல் என்பதை அது கடிகாரத்தாலேயே சொல்லிவிட்டது. 2018-இல் வந்த ஃப்ளாரன்ஸ் என்ற போன் கேமை விஷுவல் நாவல் என்று கறாராகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் இருவரும் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் சந்திப்பில் பேச்சுக் குமிழியை நிரப்பப் பல துண்டுகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். பழகப் பழகத் துண்டுகள் குறையும், பேச்சு எளிதாகும். சண்டை வரும்போது துண்டுகள் கூர்மையாகும். ஒரு வசனம்கூட எழுதாமல் உறவின் போக்கைக் கைவிரலுக்குப் புரியவைத்த வேலை அது. 2017-இல் வந்த டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப் காதல் வேடம் போட்ட திகில் கதை, ரென்பையில் செய்தது. நாம் யோசிக்காமல் நம்பும் மெனுவிலும் சேவிலும் கைவைத்துத்தான் அது பயமுறுத்துகிறது.

இவற்றைப் பார்த்துவிட்டு 'நாமும் வாட்ஸ்அப் மாதிரி ஒன்று வைக்கலாமே' என்று ஆசை வரும். உங்கள் கதையின் காதல் நிஜமாகவே போனில் நடக்கிறதா? பஸ் ஸ்டாண்டிலும் தென்னந்தோப்பிலும் நடக்கிறது என்றால் வேண்டாம்.

கடைசியாக அலங்காரம். கொங்கு அடையாளம் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. பவானி ஜமக்காளத்தின் பட்டைகளை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவு பளிச்சென்ற நிறச்சேர்க்கை வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் அதை மெனுவின் ஓரத்திலும், அத்தியாயத் தலைப்பின் அடியிலும் மட்டும் ஓடவிடுங்கள். வசனத்துக்குப் பின்னால் போட்டால் பட்டைக்குப் பட்டை எழுத்து மறைந்து மறைந்து தெரியும். வசனப் பெட்டிக்கு ஒரே நிறம், கரும்பழுப்பு அல்லது கருநீலம், அதன்மேல் வெளிர் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று வலைத்தள அணுகல் விதிமுறை சொல்கிறது. மத்தியானப் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் வாசிப்பவரை நினைத்தால் 7 வரை போவது நல்லது. பெட்டி எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதை வாசகரே நகர்த்திக்கொள்ள செட்டிங்ஸில் ஒரு ஸ்லைடர் வைத்துவிடுங்கள். ரென்பையில் அது தானாக வராது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சில வரிதான்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: ஃபான்டும் வரி இடைவெளியும், போன் பகுதியின் எண்கள், தேர்வு மெனுவின் இடம், சேவ் பெயர்கள், அதற்கப்புறம் நிறம். முதல் மூன்றும் முடிந்ததும் கதையின் முதல் கால் மணி நேரத்தை ஏபிகே (ஆண்ட்ராய்டு போனில் நிறுவும் கோப்பு) ஆக்கி, விஷுவல் நாவல் என்றால் என்னவென்றே தெரியாத இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். வயது வேறுவேறாக இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் விளக்காமல், எங்கே போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகிறார்கள், எங்கே விரல் தவறுகிறது, எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னணிப் படத்துக்கு முன்பணம் கொடுப்பதை அந்தக் குறிப்பு கையில் வரும்வரை தள்ளிவையுங்கள். பட்டன்கள் ஓரத்துக்குப் போனால் ஆள் நிற்கிற இடமும் சற்று நகரும். வரைகிறவருக்கு அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.